ஜாக்கி கேட்ட மாமாவும் ஜாக்கெட் கேட்ட நானும்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம். பத்து வயது வரைக்கும் ஜாக்கி என்றொரு பொருள் உலகத்தில் இருப்பது எனக்குத் தெரியாது. ஜாக்கெட் தெரியும். அம்மா போடுவாள், அக்கா போடுவாள், கொடியில் காயும். நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே வாகனம் அப்பாவின் சைக்கிள். அதைத் தூக்கி நிறுத்த ஸ்டாண்டு போதும். ஜாக்கிக்கு அங்கே என்ன வேலை?

அந்த வருஷம் அரைப் பரீட்சை லீவுக்கு மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் தம்பி. மலையடிவாரத்தில் இருந்துகொண்டு, ஒரு பழைய ஜீப்பில் கல்வராயன் மலைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போனபோது அத்தை வீட்டில் இல்லை. கோபித்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

காரணம் ஒரு ஜாக்கெட். பொங்கலுக்குப் போட்டுக்கொள்ள ஆசை ஆசையாகப் பச்சைப் பட்டில் தைக்கக் கொடுத்திருந்தாள். கள்ளக்குறிச்சித் தையல்கடையிலிருந்து அதை வாங்கி வரும்போது ஜீப் வழியில் நின்றுவிட்டது. மாமா கைக்கு அகப்பட்ட துணியால் ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைத்தார், கையைத் துடைத்தார், வியர்வையையும் துடைத்தார். அது எந்தத் துணி என்பது வீட்டு வெளிச்சத்தில்தான் தெரிந்தது. அத்தை சத்தம் போடவில்லையாம். இனிமேல் அந்த ஜீப்பையே சோறாக்கிப் போடச் சொல்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

மாமாவுக்கும் வீம்பு. மாமனார் வீட்டில் இனி ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆம்பளைகள் நாம் இரண்டு பேரும் ஜாலியாக இருக்கலாம் என்று என்னிடம் சொன்னார். அந்த ஜாலியில் சோறு தினமும் அடிப்பிடித்தது. நான்கூட இளைத்துவிட்டேன் என்றால் நிலவரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் மூன்று தட்டு எடுத்து வைப்பார். பிறகு ஒன்றைப் பேசாமல் எடுத்துக் கவிழ்த்துவிடுவார். தட்டை எண்ணத் தெரியவில்லை என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வெள்ளிமலைச் சந்தைக்கு உப்பு மூட்டையும் கருவாட்டு மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஒருநாள் காலையில் கிளம்பினோம். முன்சீட்டில் நான், ராஜா மாதிரி. முந்தின ராத்திரி பெய்த மழையில் மலைப்பாதை களிமண்ணாகிக் கிடந்தது. முதல் வளைவு தாண்டியதும் முன்சக்கரம் பஞ்சராகி, போதாக்குறைக்குச் சேற்றுப் பள்ளத்திலும் இறங்கிவிட்டது.

மாமா அலட்டிக்கொள்ளவில்லை. புதிதாக வாங்கிய ஆயில் ஜாக்கியைப் பெருமையாக எடுத்தார். பாட்டில் மாதிரி உயரமாக, சிவப்பாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மலைப்பாதைக்கு இது ஒத்துவராது, என் பழைய லாரியின் திருகு ஜாக்கியை எடுத்துக்கொண்டு போங்க என்று மாமனார் முன்னமே சொல்லியிருந்தாராம். குட்டையாக, துருப்பிடித்து, உரலுக்குப் பிறந்த மாதிரி இருக்கிறது என்று மாமா அதைக் கேலி செய்துவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது அழகான ஜாக்கி அச்சுக்கு அடியில் நுழையவில்லை. ஜீப் அவ்வளவு தாழ்ந்து கிடந்தது. மாமா மண்ணைத் தோண்டி நுழைத்தார். கம்பியைப் போட்டுப் பம்ப் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஜீப் மேலே போவதற்குப் பதில் ஜாக்கி கீழே போனது. கழுத்துவரை புதைந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எண்ணெயைக் கக்கிவிட்டது. கருவாட்டை விட்டுவிட்டு அவர் நகர முடியாது. நாய்கள் ஏற்கெனவே மோப்பம் பிடித்து வந்து குந்தியிருந்தன.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழே அத்தையின் தாய்வீட்டுக்கு ஓடிப்போய் ஜாக்கியை வாங்கிவரச் சொன்னார். பத்தடி போனவனைத் திரும்பக் கூப்பிட்டார்.

"டேய், நான் கேட்டன்னு மட்டும் சொல்லிடாத."

குறுக்குப் பாதையில் ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேன். என் உடம்புக்கு அது உருள்வது. மறந்துவிடக் கூடாது என்று ஜாக்கி, ஜாக்கி என்று ஜபித்துக்கொண்டே போனேன். வழியில் ஒரு கொய்யா மரம். இரண்டு பழம் தின்றேன். தின்கிற வாயால் ஜபிக்க முடியாதல்லவா? மறுபடி ஆரம்பித்தபோது வாய் தனக்குத் தெரிந்த வார்த்தைக்குப் போய்விட்டது.

அத்தை வீட்டில் அவளும் அவள் அம்மாவும்தான் இருந்தார்கள். மாமனார் எலவனாசூர்கோட்டையில் ஏதோ விசேஷத்துக்குப் போயிருந்தார். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அத்தையின் முன்னால் நின்று, மூச்சு வாங்க, தெளிவாக, சத்தமாகச் சொன்னேன்.

"அத்த, மாமா ஜாக்கெட் வாங்கிக்கினு வரச் சொன்னாரு. மாமா கேட்டாருன்னு சொல்ல வாணாம்னாரு."

முறம் நின்றது. அத்தையின் அம்மா, கெடுத்தது ஒன்று பத்தாதா, இன்னொன்றும் வேண்டுமாமா என்று எழுந்துவிட்டாள். அத்தையின் முகம் சிவந்ததைப் பார்த்து எனக்குப் பயம். விஷயத்தின் அவசரம் புரியட்டும் என்று, ஜாக்கெட் இல்லாவிட்டால் ஜீப் எழுந்திருக்காதாம், அடியில் வைத்துத் தூக்க வேண்டுமாம் என்று விளக்கினேன். அத்தை என்னையே பார்த்தாள். பிறகு முறத்தை வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன்.

சக்கரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். முதல் ஜாக்கி புதைந்த கதையைச் சொன்னேன். உள்ளே போனவள் வர நேரமானது. வந்தபோது ஒரு கையில் துருப்பிடித்த ஜாக்கி, மறுகையில் ஒரு துணிப்பை, கக்கத்தில் கனமான பலாப்பலகை. அத்தையின் அம்மா பதறிவிட்டாள். கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்த மணைப்பலகை அது.

"இதுமேலயாடி ஜாக்கி வெக்கப் போற?"

"நாங்க ரெண்டு பேரும் குந்தி சண்ட போட்டே ஒடையல. ஜீப்பா ஒடைக்கப் போவுது?"

ஜாக்கியைக் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை முன்னால் நடந்தாள். பலகை என் தலையில், பை என் தோளில். பையில் சக்கரம் கழற்றுகிற சாமான்கள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களைப் பார்த்ததும் மாமா எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேச்செல்லாம் என் வழியாக நடந்தது.

"ஒங்க மாமாவக் கேளுடா, மத்த சக்கரம் உருளாம கல்லு குடுத்தாரான்னு."

"குடுத்தாச்சின்னு சொல்லுடா."

ஓரடி தூரத்தில் இருந்த இருவருக்கும் நான் தபால்காரன். ஜீப்பைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்தியாகிவிட்டதா என்று அங்கிருந்து ஒரு கேள்வி. இது ஒரு கேள்வியா என்று இங்கிருந்து ஒரு பதில். அதை மட்டும் நானாகவே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பள்ளத்தைச் சமமாக வெட்டிப் பலகையைப் போட்டார்கள். அதன் மேல் அந்தக் குட்டை ஜாக்கி, அச்சுக்கு அடியில் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கம்பியைப் பிடித்து அத்தை திருகினாள். ஜீப் முனகிக்கொண்டே எழும்பியது. உற்சாகத்தில் மாமா சக்கரத்துக்கு அடியில் கைவிட்டுச் சேற்றை வழிக்கத் தொடங்கினார். பலகை ஒரு விரற்கடை நழுவியது.

"ஏங்க, கைய எடுங்க!"

மாமா கையை இழுத்த நொடியில் சக்கரம் பொத்தென்று அந்த இடத்தில் உட்கார்ந்தது. அத்தைக்கு மூச்சு வாங்கியது. மாமா தன் விரல்களைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவல," என்றார். என்னிடம் அல்ல.

அதோடு என் தபால் உத்தியோகம் போயிற்று. ஜாக்கியை முழுக்க இறக்கி, பலகையை மறுபடி மட்டமாக்கி, கல்லை இறுக்கி வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை ஒரு கோணல் இல்லை. ஜீப் எழுந்தது, எழுந்துகொண்டே போனது. பள்ளத்தில் கல் நிரம்பியது, ஸ்டெப்னி ஏறியது, நட்டு இறுகியது. ஜாக்கியை இறக்கியதும் சக்கரம் தரையில் கம்பீரமாக நின்றது. மலையே கைதட்டுவது போலிருந்தது எனக்கு. உண்மையில் தட்டியவன் நான்தான். நாய்கள் ஏமாந்து போயின.

மாமாவின் கையெல்லாம் சேறும் கிரீசும். துடைக்கத் துணி தேடினார். அத்தை பையிலிருந்து ஒரு பச்சைப் பட்டுத் துணியை எடுத்து அவர் மேல் எறிந்தாள். அதே ஜாக்கெட்தான், ஆயில் கறையோடு.

"இதுலயே தொடைங்க. பழகுன துணிதான?"

ஆக, நான் கேட்டதும் வந்து சேர்ந்துவிட்டது. மாமா கேட்டதும் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கொண்டுவந்தவன் என்ற முறையில் முன்சீட்டில் ஏறப் போனேன். மாமா என் காதைப் பிடித்துப் பின்னால் கருவாட்டு மூட்டை மேல் உட்கார வைத்தார். ஜெயித்துக் கொடுத்தவனுக்கு இதுதானா மரியாதை என்று எனக்குப் பொறுக்கவில்லை. முன்சீட்டில் அத்தை. ஒவ்வொரு வளைவிலும் மாமா தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

வெள்ளிமலை நெருங்கும்போது ஜீப் குதித்த குதியில் என் மடியிலிருந்த பை கவிழ்ந்தது. ஸ்பேனர் விழுமென்று காலை மடக்கினேன். விழுந்தவை இரண்டு புடவை, ஒரு பவுடர் டப்பா, ஒரு சீப்பு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீப்பை எடுத்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்துக் கேட்டேன், டயர் மாற்றுவதற்கு எதற்கு அத்தை சீப்பு?

அத்தை திரும்பாமலே சொன்னாள்.

"தல வாரத்தான்."