சாராளின் உள்ளங்கை

கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டித்தான் சாராள் தாம் துலக்கிய தொட்டியைப் பார்க்கிறார். கவரைப்பேட்டைக்கு அப்பால் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் எட்டு வருடமாகத் துப்புரவு வேலை, ஒப்பந்தக் கூலி. தேய்ப்பு என்றால் அப்படி ஒரு தேய்ப்பு. அவர் துலக்கிய எவர்சில்வரில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

2007 கோடையில் ஆலைக்குக் கையடக்கமான ஒரு மீட்டர் வந்தது. பஞ்சுக் குச்சியால் தொட்டியைத் துடைத்து அதில் செருகினால் எண் காட்டும். பத்துக்குள் இருந்தால் சுத்தம். சாராளின் தொட்டி இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. மறுநாளும் ஏறக்குறைய அதே. மூன்றாவது தடவையும் இப்படி என்றால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேஸ்திரி அரசப்பன் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். அன்று சாராள் சோற்றைத் தொடவில்லை.

"மிஷினுக்கு இன்னா தெரியும் பாப்பா? நான் கையால தடவிப் பாத்துட்டுதான வர்றேன்" என்று பரிசோதனைக்கூடத்துத் தஸ்லீமிடம் புலம்பியிருக்கிறார். பழவேற்காட்டுப் பெண்ணான தஸ்லீம் அங்கேதான் பிடித்துக்கொண்டார். துலக்கி முடித்ததும் பிசுக்கு இருக்கிறதா என்று வெறும் உள்ளங்கையால் தொட்டி முழுக்க ஒரு தடவு தடவுவது சாராளின் வழக்கம். கெட்டது போங்கள்!

கிருமியோ மாம்பழமோ மனுஷியோ, எல்லா உயிரின் செல்லுக்குள்ளும் ஒரே எரிபொருள்தானாம், பெயர் ஏ.டி.பி. குச்சியில் இருப்பது மின்மினியை ஒளிர வைக்கும் சரக்கு. இரண்டும் சேர்ந்தால் வெளிச்சம். மீட்டர் அதைத்தான் அளக்கிறது; உள்ளங்கையிலிருந்து தொட்டியில் ஒட்டுவதும் கணக்கில் ஏறிவிடும். அந்த எரிபொருளின் ஒரு துண்டுதான் மரபணுவை எழுதும் நான்கு எழுத்துகளில் ஒன்று என்றும் தஸ்லீம் சொன்னார். ஆலையைப் பற்றி எழுதப் போய் இதைக் கேட்ட எனக்கே மெய் சிலிர்த்தது. சாராள் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாராம். பிறகு கேட்டாராம்:

"அப்போ மாம்பயத்துக்கும் எனக்கும் ஒரே அடுப்பா?"

அன்றிலிருந்துதான் இந்தக் கைக்கட்டு. மூன்றாம் சோதனையின்போது நானும் பக்கத்தில் நின்றேன். மீட்டர் பதினைந்து விநாடி யோசித்தது. நான்கு. வேலை பிழைத்தது. அரசப்பன் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

சாராள் நகரவில்லை. வலது கையை நீட்டினார். "இதுல எவ்ளோ கீதுன்னு பாரேன்."

குச்சி வீணாகுமே என்று தஸ்லீம் தயங்கினார். பிறகு துடைத்துச் செருகினார். இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. சாராள் அந்த எண்ணை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு ஆலை விதிப்படி கை கழுவக் குழாயடிக்குப் போனார். திறந்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வலது கையை நீரில் காட்டாமல் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றவர், அதை நனைக்காமலே குழாயை இடது கையால் மூடினார்.