யானை இல்லை என்று சொன்ன பாடம்

எனக்குப் பயம் கல்வித் திணைக்களத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தோடு தொடங்கியது. ஆறாம் ஆண்டிலிருந்து மேல்வகுப்புகளுக்குச் செயற்கை நுண்ணறிவு படிப்பிக்க வேண்டும், பாடசாலைக்கு ஓர் ஆசிரியர் வவுனியாவில் நடக்கும் பயிற்சிக்கு வரவேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் பாடசாலை அதிபர் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "நீங்கள்தானே ரீச்சர் கணிதம், உங்களுக்கு இது லேசு" என்றார். கணிதம் படிப்பிக்கிறவளுக்கு எல்லாம் லேசு என்று இந்த மனுசருக்கு யார் சொன்னதோ! போனில் புதிதாக ஏதாவது கேட்டாலே, எதை அமத்துவது என்று பக்கத்து மேசை ரீச்சரைக் கூப்பிடுகிற ஆள் நான். ஆனால் என் வாய் "ஓம் சேர்" என்றுதான் சொன்னது. என் வாய் எப்போதும் அப்படித்தான், மேலே இருக்கிறவர்களைக் கண்டால் தலையாட்டிவிடும்.

மூன்று நாள் பயிற்சி. படிப்பித்தவர் என் மகன் வயதுப் பிள்ளை, ரயில் வேகத்தில் கதைத்தார். கேள்வி இருக்கிறதா என்று அவர் கேட்கும்போதெல்லாம் நாங்கள் முப்பது பேரும் நிலத்தைப் பார்த்தோம். எனக்கு விளங்கியது ஒன்றுதான். போனில் ஒரு பக்கத்தைத் திறந்து, இயந்திரத்துக்குப் படங்களைக் காட்டி, இது பூனை, இது பூனை இல்லை என்று பழக்கலாம். பிறகு புதிதாக ஒன்றைக் காட்டினால் அது தானாகவே சொல்லும். "நீங்கள் என்ன காட்டுறீங்களோ அதுதான் அதுக்குத் தெரியும், காட்டாததை அது அறியாது" என்று அவர் சொன்னதை நான் கொப்பியில் எழுதிச் சிவப்பு மையால் கோடும் கீறினேன். பிறகு கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

எங்கள் பாடசாலை ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். காட்டு யானையை நான் நேரே கண்டதில்லை. காலையில் வீதியில் கிடக்கும் யானை இலத்திக் குவியலையும் முறிந்த வாழைகளையும் மட்டும்தான் கண்டிருக்கிறேன். பிள்ளைகளோ யானையை அயலவரைப் போலக் கதைப்பார்கள். "நேற்று எங்கடை வளவுக்கை ரெண்டு பேர் வந்தவை ரீச்சர்" என்பார்கள்.

ஒரு புதன்கிழமை, கல்வி வலயத்திலிருந்து ஓர் அதிகாரி வெள்ளிக்கிழமை புதுப் பாடத்தைப் பார்க்க வருகிறார் என்று அதிபர் சொன்னார். பூனையையும் நாயையும் காட்டினால் எல்லாரும் செய்வதுதானே, இந்த ஊருக்கு ஏற்றது யானைதான் என்று அன்றிரவே முடிவெடுத்தேன். அடுத்த நாள் காலை எட்டாம் ஆண்டு வகுப்பில், வீட்டுக்கு ஓடிப்போய் இருக்கிற யானைப் படங்களை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன்.

கொண்டுவந்தார்கள். திருவிழாவில் முகபடாம் கட்டிய யானைகள், நெற்றியில் திருநீறு பூசிய யானைகள், கலண்டரில் பிள்ளையார், கலியாண அட்டையில் பிள்ளையார், கொப்பி மட்டையில் பலூன் பிடித்த யானைக்குட்டி. காட்டு யானைப் படம் ஒன்றுகூட இல்லை. "ஏன் பிள்ளையள், உங்கடை வளவுக்கு வாற யானையை ஒருத்தரும் படம் எடுக்கேல்லையோ?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. "யானை வந்தால் வெடி கொளுத்துறதோ, போட்டோ எடுக்கிறதோ ரீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். சரிதானே. பிள்ளையாரை 'யானை இல்லை' என்ற பக்கம் போட எனக்குப் பயம், 'யானை' என்ற பக்கம் போடவும் பயம். கடைசியில் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு யானைப் பக்கமே போட்டேன். 'யானை இல்லை' என்பதற்குப் பிள்ளைகள் வெளியே போய்ப் பற்றை, பாலை மரம், சேற்றில் கிடந்த எருமை, குளக்கட்டு எல்லாவற்றையும் என் போனில் படம் பிடித்து வந்தார்கள்.

அப்போதே எனக்குத் தெரியும். சிவப்புக் கோடு போட்ட அந்த வரி மனதுக்குள் வந்து நின்றது. கோயில் யானையை மட்டும் பார்த்த இயந்திரத்துக்குச் சேறு பூசிய காட்டு யானையை எப்படித் தெரியும்? ஆனால் அடுத்த நாள் அதிகாரி வருகிறார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் திறமாக நடந்தது. பிள்ளைகள் தேர்த் திருவிழாப் படத்தைக் காட்ட, போன் 'யானை' என்றது. வேலியைக் காட்ட 'யானை இல்லை' என்றது. அதிகாரி கைதட்டினார், பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் என்னைப் பாராட்டி நாலு வரி எழுதினார். அப்பாடா என்று இருந்தது.

பாடசாலை விட்ட பிறகு அந்த வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை வந்து நின்றாள். கெட்டிக்காரி, ஒரு நாளும் வகுப்புத் தவறாதவள். குளத்துக்கு அந்தப் பக்கம் வீடு, தினமும் குளக்கட்டால் தனியே சைக்கிளில் வருகிறவள். தாயின் பழைய போனை நீட்டினாள்.

"ரீச்சர், இதிலையும் அதைப் போட்டுத் தாறீங்களே? கட்டாலை வரேக்கை யானை நிக்குதோ எண்டு பாத்துக்கொண்டு வருவன்."

அது விளையாட்டுக்குச் செய்தது பிள்ளை, அதை நம்பாதே என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அதிகாரிக்குக் காட்டியது என்ன என்று கேட்பாளே! நான் போனை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். அவள் தாங்ஸ் சொல்லிவிட்டுச் சந்தோசமாகப் போனாள்.

பத்து நாள் கழித்து, விடாத கார்த்திகை மழை. காலையில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டபோது அவள் இல்லை. மழைதானே, வந்துவிடுவாள் என்று இருந்தேன். எட்டு மணிக்கு, மழையால் பிந்திப் பிள்ளையை இறக்கிவிட வந்த ஒரு தகப்பன் வாசலில் நின்று அதிபரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "குளக்கட்டிலை ஒரு பள்ளிக்கூடச் சைக்கிள் நசிஞ்சு கிடக்கு சேர். யானை கடந்திருக்கு."

ஐயோ, அவளுடைய சைக்கிள்! வனத்துறை ஆட்கள் வரும்வரை நில்லுங்கோ என்று அதிபர் கத்தினார். நான் ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன். எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. வழியெல்லாம் அவள் போனை நீட்டிய கைதான் கண்ணுக்குள் நின்றது. பிள்ளையைக் கொன்றுபோட்டாயடி, பிள்ளையைக் கொன்றுபோட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

சைக்கிளின் முன் சில்லு அப்பளம் போலக் கிடந்தது. புத்தகப் பை கிழிந்து, கொப்பிகள் சேற்றில் பரவியிருந்தன. சாப்பாட்டுப் பெட்டியைக் காணவில்லை. போன் முகங்குப்புறக் கிடந்தது. ஈர மண்ணில் பதிந்த கால்தடம் ஒவ்வொன்றும் சுளகு அளவில் இருந்தது, அதற்குள் மழைத்தண்ணீர் இன்னும் நிரம்பவில்லை. அப்படியென்றால் அது தூரம் போகவில்லை. கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம். பற்றை அசைகிறதா என்று பார்த்தபடியே, மெல்லிய குரலில் "பிள்ளை, பிள்ளை" என்று நடந்தேன்.

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற துருசின் சீமெந்துக் கட்டுக்கு அடியில் இருந்து ஒரு முனகல் கேட்டது. குனிந்து பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். முழங்கையில் தோல் போயிருந்தது, மற்றபடி முழுசாக இருந்தாள். இழுத்தெடுத்துக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேருக்கும் பல் கிடுகிடுத்தது. யார் யாரைத் தேற்றினோம் என்று சொல்ல முடியாது.

அதற்குள் செய்தி கேட்ட தாய் வரம்பால் ஓடிவந்தார், தலைமுடி அவிழ்ந்து, செருப்பில்லாமல். பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு என் கையிரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கடவுள்தான் உங்களை அனுப்பினது ரீச்சர். ஆரும் வரப் பயப்பிடுற இடத்துக்கு நீங்கள் வந்து நிண்டீங்களே!"

எனக்கு அந்தக் கைகளிலிருந்து என் கையை எடுக்கவும் துணிவில்லை. பிள்ளை என்னைப் பார்க்காமல் நின்றாள்.

தாய் அழுகையை நிறுத்தி, பிள்ளையின் பக்கம் திரும்பினார். "யானை மணக்கேல்லையோ உனக்கு?"

"மணந்தது அம்மா."

"மணந்தால் ஒரு அடியும் எடுத்து வைக்காதை எண்டு நடக்கத் தொடங்கின நாளிலை இருந்து சொல்லித் தந்தனான். பிறகேன் வந்தனீ?"

பிள்ளை சேற்றைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "நான் போனைப் பிடிச்சுப் பாத்தனான். மூண்டு தரம் பாத்தனான். யானை இல்லை எண்டு காட்டினது. ரீச்சர் தந்தது தானே எண்டு வந்தனான்."

தாய் என் கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது. என்ன சொல்லுகிறாள் இவள் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். இயந்திரக் கோளாறு, மழைக்குப் போன் பழுதாகியிருக்கும் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொன்னால் நம்பியும் இருப்பார். என் வாய் அதற்குத் தயாராகத்தான் நின்றது.

"அது கோயில் யானையை மட்டும்தான் அறியும்" என்றேன். "காட்டு யானையைக் காட்டிப் பழக்கேல்லை. பிழை சொல்லும் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் ரீச்சர் பிள்ளைக்குச் சொல்லேல்லை?"

கோபமாகக்கூட அவர் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டார்.

"பயமா இருந்தது" என்றேன். "எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடும் எண்டு."

தாய் கையை விட்டார். மழை மறுபடி வலுத்தது. அவர் பிள்ளையின் வெள்ளைச் சட்டையின் ஓரத்தைப் பிடித்துத் தண்ணீரைப் பிழிந்துகொண்டு நின்றார்.