பூசை முடிந்த காரை மறுத்த வெள்ளிக்கிழமை

அந்தக் கார் எங்கள் வாழ்க்கையில் குறுக்கிடுவதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் பேசியவர்கள் அதை வசதியாக மறந்துவிட்டார்கள். நான் திருச்சியில் கல்லூரியில் படித்து வேதியியலில் பட்டம் பெற்றவன். அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி, அதன் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவன். சுரங்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புக்கல் ஆலைக்குள் நுழையத் தகுதியுடையதா, அரைத்து முடித்த சிமென்ட் வெளியே போகத் தகுதியுடையதா என்பதை என் கையெழுத்தே தீர்மானித்தது. நான் ஒப்பமிட்ட தாளை மறுபடி சோதித்துப் பார்க்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இருந்ததில்லை. பெரம்பலூரில் குடியேறிய பிறகும் அந்த மதிப்பு என்னோடு வந்தது. "சார் பாத்துட்டாரு" என்று ஒருவர் சொன்னால் அதோடு பேச்சு முடியும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. உழைத்துச் சம்பாதித்த மதிப்பு அது.

என் மகள் அரியலூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. மருமகன் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் அவள் எங்களோடுதான் இருக்கிறாள். காலையில் பெரம்பலூரில் பேருந்தில் நின்றபடி ஏறுவாள். அரியலூரில் நின்றபடியே இறங்குவாள். சென்ற ஆண்டு, சிறிய கார் ஒன்றைப் பழையதாகவே வாங்கிக்கொள்வதென்று முடிவு செய்தாள்.

"நீங்க பாத்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்பா. மெக்கானிக்கெல்லாம் எனக்கு வேணாம்" என்றாள்.

நான் அதை ஏற்றுக்கொண்டேன். அன்றாடம் அவள் ஏறிப் போகப்போகும் வண்டிக்கு என் சொல் மட்டுமே பொறுப்பு என்பது அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரியும்.

நாலு ரோட்டுக்கு அருகில் பழைய கார்களை விற்றுக் கொடுக்கும் தரகர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தனி வழக்கம் ஒன்று உண்டு. முன்பணம் வாங்கமாட்டார். அதனாலேயே ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

"எனக்கு அட்வான்ஸே வேணாம் சார். வண்டியப் பாருங்க. புடிச்சிருந்தா வெள்ளிக்கிழமை சிறுவாச்சூருக்கு எடுத்துட்டு வரேன். அம்மன் வாசல்ல ஒரு பூசையப் போட்டுட்டு, அப்பறமா பேப்பரு, பணமெல்லாம் பேசிக்கலாம். நமக்குள்ள என்ன சார்?"

வண்டி ஒரு மருத்துவருடையது என்றார். "ஒரே ஓனர். கிளினிக்குக்கும் வூட்டுக்கும்தான் சார் ஓடுச்சு. அவரு வூட்ல நிழல்லயே நின்ன வண்டி."

பதிவுப் புத்தகத்தில் ஒரே உரிமையாளரின் பெயர்தான் இருந்தது. காப்பீடு நடப்பில் இருந்தது. அவர் என் வருகைக்காக எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்தே இருந்தது. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகைக்குழாயின் பின்னால் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தேன்; கரி படியவில்லை. ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்தாற்போன்ற நிறம் இல்லை. கதவிடுக்குகளில் விரலை ஓட்டி இரு பக்கமும் ஒரே அளவா என்று பார்த்தேன். டயர்கள் சீராகத் தேய்ந்திருந்தன. நெடுஞ்சாலையில் ஓட்டச் சொல்லி, ஒரு கணம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். வண்டி நேராகவே போயிற்று. காலடியில் விரித்திருந்த கார்ப்பெட் புத்தம் புதிது. பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பரும் புதிது. பராமரிப்பில் அக்கறை உள்ளவர் என்று அந்த மருத்துவரைப் பற்றி நல்லெண்ணம் கொண்டேன். குறைவாக ஓடிய வண்டிக்குப் புது ரப்பர் எதற்கென்று ஐயம்தான் கொண்டிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. சலவை வேட்டியில் போயிருந்தேன். தரையில் எண்ணெய் ஊறிய மண். எதிரேயிருந்த தேநீர்க் கடையில், ஆலையில் என்னிடம் வேலை பார்த்த இருவர் உட்கார்ந்து எனக்கு வணக்கம் வைத்தார்கள். அவர்கள் பார்த்திருக்க நான் மண்ணில் மண்டியிடுவதா என்று தோன்றியது. உண்மைக் காரணம் அதுதான். வேறு காரணம் கற்பித்துக்கொள்ள மாட்டேன். அங்கேயே நின்று மகளைத் தொலைபேசியில் அழைத்து, "நல்ல வண்டி. எடுத்துக்கலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "அடியில பாத்தீங்களா?"

"எல்லாம் பார்த்தாச்சு."

"கடையில சட்டி வாங்குனாக்கூட கவுத்துப் போட்டுத் தட்டிப் பாக்குறோம். அடியில பாத்தீங்களான்னு கேட்டேன்."

"கார் என்ன சட்டியா?" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் மூவரும் பேருந்தில் சிறுவாச்சூர் போய் இறங்கினோம். நல்ல கூட்டம். தரகர் வண்டியைக் கழுவி, நெற்றியில் பட்டையிட்டாற்போல முன்கண்ணாடியில் சந்தனம் தடவி, நாங்கள் காசு கொடுத்து வாங்கச் சொல்லியிருந்த சாமந்தி மாலையைக் கட்டி நிறுத்தியிருந்தார். மகள் பள்ளித் தோழிகளுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். பூசாரி தீபம் காட்டித் தேங்காய் உடைத்தார். நான்கு சக்கரங்களுக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தரகர் வண்டியை நான்கடி முன்னால் நகர்த்தினார். பக்கத்தில் நின்றிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நான் இடப்பக்க முன்சக்கரத்தின் அருகே நின்றிருந்தேன். நசுங்கிய பழத்தின் சாறு சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்விளிம்பில் தெறித்திருந்தது. அது தெறித்த இடத்தில் ஊசிமுனை அளவுக்குக் குமிழ்கள் எழுந்து, வெளிறிய நுரையாகி, அடங்கின.

அந்த நுரையை எனக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல்லின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டு அது எப்படிப் பொங்குகிறது என்று பார்ப்பதுதான் நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் செய்த சோதனை. எலுமிச்சைச் சாறும் அமிலம்தான். சற்றுப் பலம் குறைந்தது, அவ்வளவே. கிளினிக்குக்கும் வீட்டுக்குமாக ஓடிய வண்டியின் உள்விளிம்பில் சுண்ணாம்புக்கல் தூசி எப்படி வந்தது?

பின்சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்த பழத்தைக் குனிந்து எடுத்தேன்.

"அய்யய்யோ, கழிச்ச பழத்தக் கையால எடுக்குறாரு பாருங்க!" என்று ஓர் அம்மாள் அலறினாள். கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது.

திருஷ்டி கழித்த பழத்தை எங்கள் பக்கத்தில் தாண்டக்கூட மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் என் கைக்கு எட்டிய அமிலம் அது ஒன்றுதான். மேல்துண்டைத் தார்ச்சாலையில் விரித்து, அதன் மேல் மல்லாந்து படுத்து, தோள்வரை வண்டிக்கு அடியில் போனேன். அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மடிப்புகளிலும் மூலைகளிலும் பெயின்ட் பிடிக்காத இடங்களில் வெளிறிய சாம்பல் நிறப் படிவு ஏடு ஏடாக உறைந்திருந்தது. பழத்தைப் பிழிந்தேன். பொங்கியது.

தரகரின் செருப்புகள் என் இடுப்பருகே வந்து நின்றன. "சார், என்ன சார் இது? வேட்டி அழுக்காவுது சார்."

"ஆகட்டும்."

"எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு கார் பாக்குற ஆள நான் இப்பத்தான் சார் பாக்குறேன். சர்பத்துப் போடப்போறீங்களா?"

கூட்டம் சிரித்தது. நான் படுத்தபடியே பதில் சொன்னேன். "இது சுண்ணாம்புக்கல் தூசி. வண்டி சுரங்கத்துக்குள்ள ஓடியிருக்கு."

"நம்ம ஊரு மண்ணுலயே சுண்ணாம்பு கெடக்கு சார். கரிசக் காட்டுல ஓட்டுனா ஒட்டத்தான் செய்யும்."

"கரிசல் ஒட்டினா கறுப்பா ஒட்டும். இது ஏடு ஏடா இறுகியிருக்கு. தூசி படிஞ்சு, மழையில நனைஞ்சு, மறுபடி படிஞ்சு, மறுபடி நனைஞ்சிருக்கு. டாக்டர் எந்தச் சுரங்கத்துல கிளினிக் வச்சிருந்தாரு?"

இந்த முறை கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டாக்டரோட மச்சான் கொஞ்ச நாளு மைன்ஸ்ல காண்ட்ராக்ட் எடுத்திருந்தாரு சார். ஆளுங்கள ஏத்தி எறக்க இதத்தான் வச்சிருந்தாரு. பேரு மாத்தலையே. அத ஒரே ஓனர்னுதான சொல்லணும்?"

இதற்குள் மகள் என் காலருகே வந்துவிட்டாள். "அப்பா, எந்திரிங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க. பூசையே முடிஞ்சிருச்சு. இப்பப் போயி..." அவள் குரல் உடைந்தது. "நீங்கதானப்பா நல்ல வண்டின்னு சொன்னீங்க?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது என்று அங்கே நின்றவர்கள் அனைவரும் காத்திருந்தார்கள். பூசை முடிந்த வண்டியை யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள் என்பதும், தரகர் முன்பணம் கேட்காததன் சூட்சுமம் அதுதான் என்பதும் அப்போது எனக்குத் தெளிவாகப் புரிந்தன. மாலை போட்ட பிறகு எவன் பானட்டைத் திறப்பான்? நானும் பேசாமல் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சின்ன விஷயம்தான்" என்று சொல்லியிருக்கலாம். என் சொல் அன்றைக்கு அப்படியே நின்றிருக்கும். வண்டி நிற்குமா என்பதுதான் தெரியாது.

"சொன்னேன். தப்பாச் சொன்னேன்" என்றேன்.

முப்பத்தொரு ஆண்டுகளில் அந்த வாக்கியத்தை நான் ஒருமுறைகூடச் சொல்ல நேர்ந்ததில்லை. சொல்லிப் பார்த்தபோது எதுவும் இடிந்து விழவில்லை.

சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, ஓட்டுநர் இருக்கைக்குச் சற்று முன்னால் படிவைச் சுரண்டினேன். ஏடு பெயர்ந்தது. அதன் பின்னால் துரு. அதையொட்டி வேறொரு தகட்டை வைத்து வெல்டிங் செய்து, பெயின்ட்டால் மூடியிருந்தார்கள். ஒட்டுக்கு அருகில் சாவியை அழுத்தினேன். நனைந்த அட்டைக்குள் போவது போல அது உள்ளே போயிற்று. மேலே புதுக் கார்ப்பெட் மட்டும்தான் அதைத் தடுத்தது.

நான் வெளியே வந்தேன். மகளிடம் சாவியை நீட்டினேன். அவள் ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு, பட்டுப் புடவையோடு அந்தத் துண்டின் மேல் முழங்காலிட்டு, கைப்பேசியின் விளக்கை ஏற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். என் மனைவி அவளுடைய முந்தானை தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் வெகுநேரம் பார்த்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் அழுகை இல்லை.

"என் காலு வைக்கிற எடம்பா அது" என்றாள். பிறகு தரகரிடம் திரும்பி, "வண்டி வேணாங்க" என்றாள்.

"பூச போட்ட வண்டிம்மா! அம்மன் வாசல்ல வச்சு வேணாம்னு சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?"

அதற்கு என் மனைவி பதில் சொன்னாள். "நல்லதுக்குத்தான் வாசலுக்கு வந்ததும் அம்மன் காட்டிக் குடுத்துருக்கா. நீங்க மாலையக் கழட்டிக்கிட்டு வண்டிய எடுங்க."

அவர் கழற்றவில்லை. நான்தான் மாலையை அவிழ்த்தேன். முன்பக்கம் இரண்டு முடிச்சு, கண்ணாடியோரம் ஒன்று. எங்கள் செலவில் வாங்கிய மாலை. அந்த வண்டியில் போக அதற்கு வேலையில்லை. பூசாரியிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, எனக்குத் திருநீறு கொடுத்தார்.

துண்டையும் மீறி முதுகில் தார் அப்பிய சட்டையோடுதான் பேருந்தில் ஊர் திரும்பினேன். நடத்துநர் அதைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, அன்று தேநீர்க் கடையில் வணக்கம் வைத்த இருவரில் ஒருவர் என்னைக் கடைவீதியில் நிறுத்தினார். "சார், நீங்களே தப்பாச் சொன்னேன்னு சொன்னீங்களாமே? நெசமா சார்?" கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாதோ என்பது போல விழித்தார்.

"ஆமாம். சொன்னேன். முதல் நாள் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டிருந்தீங்கன்னு குனியலை. இனிமே யார் பாத்தாலும் குனிவேன்" என்றேன். அவர் அவசரமாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்தார். எனக்கு அதில் வருத்தமில்லை.

மகள் இன்னும் பேருந்தில்தான் போகிறாள். நான் அதன்பின் மூன்று வண்டிகளைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் கைலியோடு போய், முதலில் தரையில் படுத்து, அப்புறம்தான் பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்கினேன். மூன்றையும் வேண்டாமென்றேன். நான்காவதையும் வேண்டாமென்று சொல்ல நேர்ந்தால் சொல்வேன். அவசரப்படுத்துகிறவர்கள் அவசரப்படுத்தட்டும். மகள் அவசரப்படவில்லை.

தரகர் தம் பங்குக்குப் பேசினார். பெரியவருக்கு வயதாகிவிட்டது, ஒன்றைச் சொல்லி ஒன்றை மறக்கிறார் என்றார். நான் எதையும் மறக்கவில்லை என்பதற்கு இந்தப் பக்கங்களே சான்று. ஆனால் ஊர் தன் விருப்பப்படி பிடித்துக்கொண்ட கதை வேறு. அன்றைக்கு ஒரு சக்கரத்தின் கீழே வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமல் உருண்டு ஓடிவிட்டதாம்; சகுனம் சரியில்லை என்று பயந்து நான் வண்டியை விட்டுவிட்டேனாம். எங்கள் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில், என் முகத்துக்கு நேராகவே ஒருவர் இதைச் சொல்லி என் பக்தியைப் பாராட்டினார்.

நான்கு பழங்களும் நசுங்கின. வண்டியின் அடித்தகடு துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது.