ஜெஃப் பெயரில் போன என் புத்திமதி

அரசு ஊழியர் எவரும் மேலிடத்துக்கு நேரடியாக எழுதக் கூடாது, உரிய வழியாகவே அனுப்ப வேண்டும் என்பது விதி. சித்தூர் கலெக்டர் ஆபீசில் ஓய்வு பெறும்வரை அதை நான் மீறியதில்லை. எங்கள் நகரிப் பக்கத்து வீடுகளிலும் அதே விதிதான். தோளுக்கு மேல் வளர்ந்த மகனிடம் அப்பன் நேராகப் பேசமாட்டான். மகன் பக்கத்திலேயே நின்றாலும் தாயிடம்தான் சொல்வான். இங்கிலாந்தில் பஸ் நிறுத்தத்தில்கூட அப்பாவும் மகனும் முகத்துக்கு நேரே பேசிக்கொள்கிறார்கள். பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் படித்தவர்களை வெளிநாடு வாரிக்கொண்ட வருடங்களில், திருப்பதியில் இன்ஜினியரிங் முடித்த என் மகன் முரளியும் இங்கிலாந்துக்குப் புறப்பட்டான். சென்னை விமான நிலையத்தில் என் புத்திமதி முழுவதும் மனைவி வழியாகவே போயிற்று.

"பாஸ்போர்ட்ட உள்பாக்கெட்ல வெச்சிக்கினு போவச் சொல்லு உம் புள்ளைய," என்றேன்.

"நைனா சொல்றாருடா, பாஸ்போர்ட்ட..."

"கேட்டுக்கினுதாம்மா கீறேன். நான் இன்னா தடா பார்டர்லயா நிக்கிறேன்?"

மனைவி காலமானதும் அந்தப் பதவி காலியானது. பொறுப்பு ஆணை யாருக்கும் போடப்படவில்லை. நான் முரளியோடு வந்து சேர்ந்தேன். மருமகள் நாக்பூர்க்காரி, தமிழ் வராது.

இந்த ஊர் நூலகத்தில் ஒரு வாசிப்புக் கூட்டம் உண்டு. பழைய ஆங்கில இலக்கியத்தில் தந்தைகள் மகன்களுக்குச் சொன்ன புத்திமதிகளை அங்கே ஒப்பிட்டோம். கப்பலேறும் மகனை நிறுத்திவைத்து, கடன், உடை, நட்பு என்று அடுக்கும் நாடகத்து மந்திரி. எப்படிச் சிரிப்பது, எப்படி வணங்குவது என்றெல்லாம் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளிய பிரபு. நாவலொன்றில் கடலுக்குப் போகாதே என்று மன்றாடும் வணிகர். மந்திரி வாயாடி, பிரபுவுக்குப் பாசத்தைவிடப் பெருமை அதிகம், வணிகர் பயந்தாங்கொள்ளி என்று மற்றவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கோ மூவர்மீதும் பொறாமை. வணிகரின் மகன் பேச்சைக் கேட்காமல் போய்க் கப்பல் உடைந்து தவிக்கிறான். ஆனாலும் அப்பா அன்றே சொன்னாரே என்று வருந்துகிறான். பெயர் சேர வேண்டியவருக்குச் சேர்ந்துவிட்டது.

அப்போது முரளி ஆற்றோரம் ஒரு வீடு வாங்க நினைத்திருந்தான். பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் நிற்கும் என்று பார்த்துப் பார்த்தே வேலைக்காலம் போனவன் நான். ஒரு நாள் தோட்டத்து வேலியருகே, முரளியை வைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டு ஜெஃபிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்.

"அந்த வீடு பள்ளத்தில் இருக்கிறது. வேண்டாமென்று இவனிடம் சொல்லுங்கள்."

ஜெஃப் எங்களை மாறிமாறிப் பார்த்தார். "அவர் இங்கேயேதானே நிற்கிறார்? காது கேட்காதா?"

முரளி சிரித்தான். எங்கள் வழக்கத்தை அவருக்கு விளக்க அவனும் முன்வரவில்லை, நானும் முன்வரவில்லை.

அடுத்த வாரம் ஜெஃப் தன் யோசனைபோல அதையே அவனிடம் சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போது முரளி ஒரு நண்பனிடம் போனில் பேசினான்: "ஆத்தோரம் வேணாம்னு உட்டுட்டேன்டா. பக்கத்து வூட்டு ஜெஃப் சொன்னாரு, தண்ணி நிக்குமாம்."

மகன் வெள்ளத்திலிருந்து தப்பினான் என்று மகிழ வேண்டிய அப்பன் நான், பெயர் போனதே என்று பொருமினேன். விதியை மீறி நேராகவே கேட்டுவிட்டேன்.

"அத நான் சொல்லல? ஜெஃப் சொன்னாத்தான் தண்ணி நிக்குமா?"

 முரளி தட்டோடு எழுந்து போய்விட்டான். அதன்பின் எதிர்ப்படும்போதெல்லாம் வானிலை பற்றிப் பேசினோம், அதுவும் ஆங்கிலத்தில். எங்கள் ஊரில் ஆடி பிறந்தது. என் கேள்விக்குப் பதில் இன்னும் நிலுவையில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தான்.

"நைனா, மேட்டுல ஒரு வூடு பாத்துக்கீறேன். ஜெஃப்கிட்ட இன்னும் சொல்லல. நீ வந்து பாத்துட்டு சொல்லு."

"யாருகிட்ட சொல்றது?"

"எங்கிட்டத்தான்."

நகரியிலிருந்து காவடிகள் திருத்தணி நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் நேரம். இங்கே தூறலில், மழைக்கோட்டோடு மகனுடைய காரின் முன்சீட்டில் ஏறினேன். பதில் வந்த தேதி, ஆடிக் கிருத்திகை.