மாமாவின் பகல் விளக்கு

எங்கள் மாமாவின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தவள் நான்தான். அதுவும் எட்டு வயசில். அந்த வயசில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தது.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். தந்தி இலாகாவில் அவருக்குக் கம்பி பார்க்கிற வேலை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் ரோட்டோரமாகப் போய், எங்கே கம்பி அறுந்திருக்கிறது, எங்கே கிளை விழுந்திருக்கிறது, எந்தக் குரங்கு எதில் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு வரவேண்டும். அந்தப் பழக்கத்தில் அவர் ரோட்டைப் பார்த்து நடந்ததே கிடையாது. வீட்டு வாசலில் இறங்கும்போதும் தலை அண்ணாந்துதான் இருக்கும்.

முதலில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்த நாளில் எங்கள் வரிசையே வாசலுக்கு வந்துவிட்டது. கன்னங்கறேலென்று வண்டி, பக்கத்தில் தொட்டில் மாதிரி ஒரு சைட் கார், முன்னால் பித்தளை விளக்கு. அந்த விளக்குக்குக் கரண்டு எல்லாம் கிடையாது. அடியில் ஒரு டப்பாவில் கார்பைட் கல்லைப் போட்டு, மேல் டப்பாவில் தண்ணீர் ஊற்றவேண்டும். திருகைத் திருப்பினால் தண்ணீர் கல்லின் மேல் சொட்டும். கல் புஸ்ஸென்று பொங்கி, அழுகின பூண்டு நாற்றம் ஒன்று கிளம்பும். அப்போது தீக்குச்சியை நீட்டினால் வெள்ளை வெளேரென்று எரியும்.

மாமா அதைச் சீக்கிரத்தில் ஏற்றமாட்டார். கும்மிருட்டு ஆனால்தான் கை வைப்பார். "ரோடுதான் எனக்கு நல்லாத் தெரியுதே, அப்புறம் எதுக்கு விளக்கு?" என்பார். அம்மாவுக்கோ அது விளக்காகவே படவில்லை. பித்தளை என்றால் அவளுக்குப் பூஜைச் சாமான்தான். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து அதற்கும் புளி போட்டுத் தேய்ப்பாள்.

இப்படி இருக்கும்போது மாமாவுக்குக் கிள்ளானில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா பஸ் ஓட்டுகிறவர். அந்தக் காலத்தில் மொஸ்கிட்டோ பஸ் என்று, ஏழெட்டுப் பேர் முழங்கால் இடிக்க உட்காருகிற சின்னப் பஸ்கள் ஓடின. அதில் ஒன்றை ஓட்டினார். அதுவரை யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் ஒரு தெரிந்தவர் மூலமாகத்தான். விஜயதசமியன்று சாயங்காலம் பெண் பார்க்க வருவதாக எங்கள் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

முதல் நாள் ஆயுத பூஜை. மோட்டார் சைக்கிளைக் கழுவி, துடைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்தினார்கள். சந்தனக் கிண்ணத்தை அம்மா என் கையில் கொடுத்து, "விளக்குக்கு ஒரு பொட்டு வை" என்றாள். விளக்குக் கண்ணாடி பெரிசாக இருந்தது. கிண்ணத்திலும் சந்தனம் நிறைய இருந்தது. நான் ஒரு தோசை அளவுக்கு அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, அதன் மேல் செவ்வந்தி மாலையையும் இரண்டு சுற்றாகச் சுற்றிவிட்டேன். எல்லோரும் அடடா, அடடா என்றார்கள்.

"மூணு நாளைக்கு இதை யாரும் கலைக்கக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். "கல்யாணக் காரியமாப் போற வண்டி. பூ வாடுனா வாடட்டும், கருகக் கூடாது. நீதான்டி பார்த்துக்கணும்." என் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் அம்மாவும் அப்பாவும் தட்டுகளோடு ரயிலில் முன்னால் போய்விட்டார்கள். மாமா வேலையை முடித்துவிட்டு வண்டியில் வருவதாக ஏற்பாடு. நான் தரையில் விழுந்து புரண்டு அழுது, சைட் காரில் இடம் வாங்கினேன்.

அந்தப் பயணம் மாதிரி ஒரு பயணம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. மாமா கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். என் மடியில் பெண்ணுக்கு வைக்கிற மல்லிகைப் பூ. காற்றில் பாவாடை படபடவென்று அடித்துக்கொண்டது. ரோட்டில் போகிற மாட்டு வண்டிக்காரர், சைக்கிள்காரர் ஒருவர் விடாமல் கையாட்டிக்கொண்டே வந்தேன். பத்து தீகா என்கிற ஊரைத் தாண்டினதும் வானம் மூடிக்கொண்டது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம் கவிந்த இடம், மணி ஐந்துதான் இருக்கும், ஆனாலும் பொழுது சாய்ந்த மாதிரி ஆகிவிட்டது. மாமாவுக்கே என்னமோ தோன்றியிருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்தி, தீப்பெட்டியை எடுத்தார்.

"ஐயையோ! பூ கருகிடும் மாமா! அம்மா சொன்னாங்க!" என்று நான் ஊரைக் கூட்டினேன். விளக்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதேன்.

"சரி சரி, கத்தாதே. ரோடு தெரியுதுல்ல, போதும்" என்று தீப்பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் கழியவில்லை. ஒரு வளைவில் திரும்பினோம். மாமா வழக்கம்போல மேலே கம்பியைப் பார்த்தார். எதிரே ஒரு மொஸ்கிட்டோ பஸ். அது எங்களைப் பார்த்தது கடைசி நிமிஷத்தில். கிரீச்சென்று ஒடித்து, எங்களைத் தொடாமல் தாண்டி, மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஓரத்துக் கால்வாய்க்குள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சீனத்து அம்மாவின் கூடை மட்டும் திறந்துகொண்டு, அதிலிருந்த வாத்துகள் வரிசையாகக் கால்வாயில் நீந்தப் போய்விட்டன. டிரைவர் இறங்கினார். காக்கிச் சட்டை, ஆள் நல்ல கனம். முழங்கால் வரைக்கும் சேறு.

"எங்கய்யா இருந்து வந்தே? மரத்துலேருந்து குதிச்சியா?"

"ரோட்டுலதான்ணே வந்தேன்" என்றார் மாமா. "நான் உங்களைப் பார்த்துட்டேனே."

"நீ என்னைப் பார்த்தா ஆச்சா? நான் உன்னைப் பார்க்க வேணாமா? கறுப்பு வண்டி, கறுப்புக் கோட்டு, கறுப்பு நெழலு! வெளக்கு எங்கய்யா?"

மாமா மாலையைக் காட்டினார். டிரைவர் குனிந்து சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்தார். "இது வெளக்கா, இல்ல வெளக்குக்கு வச்ச சமாதியா?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! சைட் காரில் ஏறி நின்றேன். "எங்க மாமாவைத் திட்டாதீங்க! அவரு பொண்ணு பார்க்கப் போறாரு. பொண்ணோட அப்பா யாரு தெரியுமா? கிள்ளான்ல பெரிய பஸ் டிரைவரு! அவருகிட்ட சொல்லிடுவேன்!"

பஸ்ஸுக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் ஒரு ஆள் குபீரென்று ஆரம்பித்தார், அவ்வளவுதான், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"சொல்லு பாப்பா, அவசியம் சொல்லு. இவங்களைப் பத்து தீகாவுல எறக்கிட்டு அவரு இப்ப வந்துடுவாரு."

மாமாவின் முகத்தில் ஈ ஆடவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டுக் கால்வாயில் இறங்கிப் பஸ்ஸைத் தள்ளினார். வாத்துகளையும் அவர்தான் பிடித்துக் கொடுத்தார்.

கிள்ளானில் பெண் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த கோலத்தைப் பார்த்து அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பாவான அந்த டிரைவரும் வந்தார். குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, எங்கள் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். பெண்ணை இன்னும் அழைத்து வரவில்லை. உள் கதவுத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"கோவிச்சுக்காதீங்க" என்று அப்பாவிடம் சொன்னார். "நல்ல புள்ளதான். கால்வாயில எறங்குனாரு, அதைப் பார்த்தேன். ஆனா இந்த ரோட்டுல கண்ணுக்குத் தெரியாம வந்தவங்களை நான் தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில போட்டிருக்கேன். நாளைக்கு என் பொண்ணு அந்தத் தொட்டில்லதான் உட்காரும். எதிர்ல வர்றவனுக்கு அது தெரியணும்."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். "நான்தான் விளக்கை ஏத்த விடல! மாமாவை ஒண்ணும் சொல்லாதீங்க!"

"நீ சின்னப் புள்ள. வண்டியை ஓட்டுனது நீயா?" என்று என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். "தீபாவளி வரைக்கும் பார்ப்போம் தம்பி. தினம் நீங்களும் இதே ரோட்டுல வர்றீங்க, நானும் வர்றேன். தூரத்துலயே உங்களைப் பார்த்துட்டா ரெண்டு தடவை ஹாரன் அடிப்பேன். ஒரே ஒரு நாள் அடிக்கலேன்னாலும் இந்தப் பேச்சை விட்டுடுவோம்."

திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. மாமா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு, "சரிங்க" என்றார்.

அன்று வீடு திரும்பியதும் அம்மா அரிக்கேன் விளக்கோடு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மூன்று நாள் ஆகவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மாலையை எடுத்து மரத்தடியில் வைத்துவிட்டு, முந்தானையைத் தண்ணீரில் நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தாள். புதிதாக ஒரு சின்னப் பொட்டைப் பின்சக்கரத்து மட்கார்டில் வைத்தாள். "சாமி ஒண்ணும் நினைச்சுக்காது. அதுக்கும் நம்மளை அடையாளம் தெரியணும்ல" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து மாமா பட்டப்பகலில் விளக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கறுப்புக் கோட்டு பெட்டிக்குள் போனது. வெள்ளைச் சட்டை வெளியே வந்தது. பிரிக்பீல்ட்ஸ் முழுக்க இதே பேச்சு. "மாமா, சூரியன் அணைஞ்சு போச்சா?" என்று பையன்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஒரு மலாய்ப் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைக்க மறந்துவிட்டதாக அன்போடு ஞாபகப்படுத்தினார். மாமா அவருக்கும் ஒரு சலாம் வைத்துவிட்டு எரிய எரியப் போனார்.

சாயங்காலம் அவர் வாசலில் இறங்குவதற்குள் அம்மா கேட்பாள். "அடிச்சாரா?"

"அடிச்சாரு!"

வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைக்காத குறைதான்.

சனிக்கிழமைகளில் நானும் போனேன். தூரத்தில் பஸ் தெரியும்போதே சாமியைக் கூப்பிடுவேன். இரண்டு கையையும் கூப்பிக்கொள்வேன். பாம் பாம் என்று கேட்டதும் குதிப்பேன். பஸ் எங்களைத் தாண்டும்போது டிரைவர் நேராகப் பார்த்துக்கொண்டு போவார். அவருக்கு நேர் பின்னால், ஜன்னலோரமாக, மாம்பழ நிறச் சேலையில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு எண்ணெய்ச் சீசா. எல்லாச் சனிக்கிழமையும் அதே இடம், அதே சீசா. யாரோ கோயிலுக்குப் போகிறவள் என்று நான் முகத்தைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை. எனக்கு ஹாரன்தான் முக்கியம். மாமா மட்டும் சனிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, முகத்துக்குப் பவுடரும் போட்டுக்கொண்டார். "கம்பி பார்க்கப் போறதுக்கு எதுக்கும்மா பவுடரு?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. பத்து தீகாவைத் தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, முன்சக்கரமே தெரியாத மழை. விளக்கு இரண்டு தடவை துடித்துவிட்டு அணைந்தது. மாமா உடனே வண்டியை ரோட்டைவிட்டு இறக்கி, புல்லில் நிறுத்தினார். முன்பு இருந்த மாமாவாக இருந்தால் போய்க்கொண்டே இருந்திருப்பார். தீப்பெட்டியை எடுத்தால் குச்சியெல்லாம் கூழாகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று உரசுகிறார், ஒன்றும் பற்றவில்லை. தூரத்தில் பஸ் விளக்கு தெரிந்தது.

"மாமா, சீக்கிரம் மாமா!" நான் பாவாடையை விரித்து மழையை மறைத்தேன். கடைசிக் குச்சியும் போய்விட்டது. மாமா அதைக் கீழே போட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டு சும்மா நின்றார். போச்சு, எல்லாம் போச்சு, முதலில் கெடுத்தவளும் நான், கடைசியில் கூட இருந்தவளும் நான்.

பாம் பாம்!

இரண்டோடு நிற்கவில்லை. பாம் பாம் பாம் என்று விடாமல் அடித்துக்கொண்டே பஸ் வந்தது. எங்களைத் தாண்டி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். முதலில் எங்களைப் பார்க்காமல், திரும்பித் தன் பின்னால் யாரையோ ஒரு முறை முறைத்தார். அப்புறம்தான் எங்களைப் பார்த்தார்.

"ரோட்டைவிட்டு எறங்கி நின்னியே தம்பி, அதுக்காக விடுறேன்! தீபாவளிக்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க!" என்று கத்திவிட்டுப் போனார். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். மழையில் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி ஆடினோம்.

தை மாசம் கல்யாணம் நடந்து, கிள்ளான் பெண் எனக்கு அத்தையானாள். எனக்கோ ரொம்ப நாள் ஒரே ஆச்சரியம். அந்த மழையில், விளக்கில்லாமல் புல்லில் நின்ற எங்களை அவர் எப்படிப் பார்த்தார்? எதற்கும் இருக்கட்டும் என்று அவர் கண்ணுக்காகத் தனியாகச் சாமி கும்பிட்டேன்.

நான் வளர்ந்து, என்னைப் பெண் பார்க்க வந்த நாளில், எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அத்தையிடம் இதைச் சொன்னேன். அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சீப்பே கீழே விழுந்துவிட்டது.

"எங்கப்பா எங்கடி பார்த்தாரு? அவரு பஸ்ஸோட முன் கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. நான்தான் பின்னாலேருந்து கையை நீட்டி, ஹாரனோட ரப்பர் பந்தை அமுக்கு அமுக்குன்னு அமுக்குனேன்."

"நீங்களா? நீங்க எதுக்கு அத்தை பஸ்ஸுல?"

"சனீஸ்வரனுக்கு எள் வெளக்குப் போட."

"கிள்ளான்ல கோயில் இல்லையா?"

அத்தை என் பின்னலை ஒரு இழுப்பு இழுத்தாள். மாப்பிள்ளை வீட்டாரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வாசலில் மாமா வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். நல்ல உச்சி வெயில். "வெளக்கை ஏத்துனீங்களா?" என்று அத்தை ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள். "ஏத்தியாச்சு, ஏத்தியாச்சு" என்றார் மாமா. பூண்டு நாற்றம் வீட்டுக்குள் வந்தது.

அந்த விளக்கு ஒரே ஒருவர் கண்ணில் படத்தான் எரிந்தது என்று எட்டு வயசிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. ஆளைத்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.