குச்சிமடுவுத் தொட்டியின் வார அறிக்கை

வாராந்திர முன்னேற்ற அறிக்கை எழுதுகிறவனுக்கு ஏழு கிழமை கிடையாது. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாட்கள் என்று இரண்டே வகைதான். ஜவ்வாது மலைமேல் ஓர் அரசு அலுவலகத்தில் நான் ஒப்பந்தக் கணினி ஆள். எந்த ஊர் ரோடு எவ்வளவு தூரம் வந்தது, எந்தத் தெருவிளக்கு எரிகிறது, எந்தத் தண்ணீர்த் தொட்டி எந்த நிலையில் நிற்கிறது என்று வாராவாரம் தட்டி, மலைக்குக் கீழே இருக்கும் பெரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதையே சுருக்கி மலையூர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டும். உங்களில் யாராவது இப்படி வாராவாரம் யாருக்காவது எதையாவது அனுப்பிப் பிழைக்கிறவராக இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

வாரத்துக்கு ஐந்து

எங்கள் மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. போன வாரம் அறுபது சதவீதம் என்று போட்டிருந்தால் இந்த வாரம் அதற்குக் கீழே எதையும் வாங்கிக்கொள்ளாது. அதே அறுபதைப் போட்டாலோ அந்த வரி சிவப்பாகிவிடும். சிவப்பானால் கீழிருந்து போன் வரும். மழையில் மண் சரிந்து, வெட்டின பள்ளமே மூடிக்கொண்டாலும் எண் ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் நான் வாரத்துக்கு ஐந்து ஏற்றுவேன். தொண்ணூறைத் தாண்டினால் ஒன்று. தொண்ணூற்றெட்டைத் தாண்டினால் அரை, அப்புறம் கால்.

குச்சிமடுவு என்று ஒரு சின்ன ஊர். அங்கே தொட்டி கட்டியாகிவிட்டது, குழாய் புதைத்தாகிவிட்டது, வீட்டுக்கு வீடு திருகுகுழாயும் வைத்தாகிவிட்டது. மோட்டாருக்குக் கரண்டு கம்பம் மட்டும் வரவில்லை. பெண்கள் பழையபடி ஓடைக்கு இறங்கிக் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் சின்னபாப்பா அக்கா சந்தைக்குப் புளி கொண்டுவரும்போதெல்லாம் எங்கள் அலுவலக ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எங்க டேங்க்கு இந்த வாரம் இன்னா?" என்று கேட்பார். ஒரு வெள்ளிக்கிழமை நான் கொஞ்சம் பெருமையாகவே, "எண்பத்தஞ்சுக்கா" என்றேன். போன வாரம் எண்பது என்று சொன்னதை அவர் மறக்கவில்லை.

"கம்பமும் வரல, ஆளும் வரல, அஞ்சு மட்டும் எப்டி தம்பி ஏறுச்சி? எங்க வூட்டு ஆட்டுக்குட்டி மூணு வேளையும் தழ தின்னுது, அதுகூட இவ்ளோ வளரல."

வசதியான பாறை

ஒவ்வொரு பணிக்கும் போட்டோ ஏற்ற வேண்டும்; அதோடு இடமும் வரைபடத்தில் பதிவாகும். மலையில் பாதி ஊர்களில் சிக்னல் கிடையாது. எனவே எல்லா ஊரிலும் போட்டோ எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் ஒரே ஒரு பாறைக்கு பைக்கில் போய், அதன்மேல் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றிவிடுவேன். போட்டோவை எங்கே எடுத்தோம் என்பதை விட்டுவிட்டு, எங்கிருந்து ஏற்றுகிறோமோ அந்த இடத்தையே மென்பொருள் குறித்துக்கொள்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கீழே நடந்த ஆய்வுக் கூட்டத்தில் பெரிய திரையில் எங்கள் மலையின் வரைபடத்தைப் போட்டார்கள். இரண்டு தண்ணீர்த் தொட்டி, ஒரு சிறுபாலம், பள்ளிக்கூடக் கழிப்பறை, ரேஷன் கடை, நீளமான தார் ரோடு ஒன்று, எல்லாம் ஆடு நிற்கக்கூட இடம் போதாத அந்தப் பாறைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. எங்கள் ஓவர்சீயர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். ஆய்வு செய்யும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இவ்ளோ வசதி இருக்கிற பாறைய விட்டுட்டு, உங்க ஜனங்க ஏன்ப்பா வேற எங்கியோ போய்க் குடியிருக்காங்க?"

சந்தை நாள் டீ

ஒன்றுமே நடக்காத வாரத்தில் 'பணி முன்னேற்றத்தில் உள்ளது' என்று போடுவது எங்கள் வழக்கம். உங்கள் அலுவலகத்திலும் இதற்கென்று ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கும். நான் அதை வாட்ஸ்அப் குழுவிலும் விடாமல் போட்டுவந்ததில், மலை முழுக்க அது மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு சந்தை நாளில் டீ சொல்லிவிட்டுக் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். பாலே வந்திருக்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒங்க டீ முன்னேற்றத்துல இருக்குது சார்."

ஏணியில் ஏறிய தண்ணீர்

குச்சிமடுவு தொண்ணூற்றொன்பதைத் தொட்டு, அதற்கு மேலும் அரையைக் காலாக்கி நான் இழுத்துக்கொண்டிருந்தபோது ஓவர்சீயர் கூப்பிட்டார். "இந்த வாரம் நூறு போட்டு முடிச்சிடு. குழாய்ல தண்ணி வர்ற மாதிரி ஒரு போட்டோ வேணும். கம்பம் அப்புறம் வந்துக்கும்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு வருகிற போன் அவருக்கும் வருகிறது, அவ்வளவுதான்.

குச்சிமடுவுக்குப் போய் சின்னபாப்பா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "போட்டோ போனா கரண்டு வருமா?" என்று கேட்டார். "வரலாம்க்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அக்கா நாலு வீட்டுக்குக் குரல் கொடுத்தார். காலையில் ஓடையிலிருந்து சுமந்துவந்த குடங்களை அப்படியே தூக்கிக்கொண்டு பெண்கள் தொட்டியின் இரும்பு ஏணியில் வரிசையாக நின்றார்கள். குடம் கைக்குக் கை மாறி மேலே போய்த் தொட்டியில் கவிழ்ந்தது. கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

குழாயைத் திறந்தோம். முதலில் காற்று சீறியது, அப்புறம் செம்மண் நிறத்தில் கொஞ்சம், அப்புறம் தெளிவாகவே தண்ணீர் வந்தது. இரண்டு போட்டோ எடுத்தேன். போனைப் பையில் வைப்பதற்குள் அதே குடங்கள் குழாயடியில் வரிசைக்கு வந்துவிட்டன. முதல் குடம் சின்னபாப்பா அக்காவுடையது.

"நவுரு தம்பி. காலைல நாங்க மொண்டாந்ததுதான இது, இனிமேதான் சோறு ஆக்கணும்."

நூறு போட்டால்

குடம் நிறைகிறவரை அக்கா சும்மா இருக்கவில்லை. "இந்த வாரம் நூறு போட்டுட்டா, அடுத்த வாரம் எங்களுக்கு இன்னா போடுவ?" என்றார். ஒன்றும் போட முடியாது, முடிந்த பணிகளுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, ஊர் பெயர் அங்கே போய்விடும் என்றேன். "அத யாரு பாப்பாங்க?" என்றார். யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதை மறைக்க, போனில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

பாறைக்குப் போய் உட்கார்ந்தேன். குழாயில் தண்ணீர் கொட்டும் போட்டோவை விட்டுவிட்டு, ஏணியில் குடம் ஏறும் போட்டோவை ஏற்றினேன். தொண்ணூற்றொன்பதே முக்கால் என்று போட்டேன். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் அது திரையில் வந்தபோது, என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரி என்று நினைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "தண்ணி மேலேர்ந்து கீழதான வரும்? இங்க ஏன் கீழேர்ந்து மேல போகுது?" என்று அதிகாரி கேட்டார். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நான் சொன்ன அந்த 'வரலாம்' உட்பட. ஓவர்சீயர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி என்னையும் திட்டினார், அவரையும் திட்டினார். திட்டி முடித்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தார்.

"அந்தக் கம்பத்துக்கு யார்கிட்டப்பா பேசணும்? நம்பர் குடு."

ஈரக் கை

சில வாரத்தில் கம்பம் வந்தது. கம்பி இழுத்தார்கள். மோட்டார் ஓடியது. என் வேலையும் தப்பியது. கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று குச்சிமடுவுக்குப் போனேன். சின்னபாப்பா அக்கா வீட்டுக் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். யாரும் சுமக்காத தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. நானும் ஒரு கை ஏந்திக் குடித்தேன். "அக்கா, இன்னிக்கு நிஜமாவே நூறு போட்டுடப் போறேன்" என்று போனை எடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அவசரமாகக் குழாயை மூடிவிட்டு வந்து ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டுடாத தம்பி. தண்ணி வருது, நான் இல்லன்னு சொல்லல. நாளைக்கு மோட்டார் நின்னுபூட்டா, முடிஞ்சிபோச்சின்னு எழுதுன வூர யாரு வந்து எட்டிப் பாப்பாங்க?"

குச்சிமடுவில் இப்போது வீட்டுக்கு வீடு தண்ணீர் வருகிறது, என் அறிக்கையில் கால் சதவீத வேலை பாக்கி என்று அந்த வரி சிவப்பாக நிற்கிறது, வாராவாரம் கீழிருந்து போன் வருகிறது, நானும் சின்னபாப்பா அக்காவும் நிம்மதியாக இருக்கிறோம்.