மோதிரம் போட்ட கிரகம்

போன வாரம் திருவொற்றியூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்திய கடைவாய்ப் பல் ஒன்று தனிக்குடித்தனம் போக முடிவு செய்திருந்தது. எதிர்ச் சுவரில் கதவளவு டிவி. அதில் சனிக் கிரகம் வளையத்தோடு மெல்லச் சுற்ற, “நினைத்துப் பார்க்கவே முடியாத பிரமாண்டம்!” என்றது தமிழ்க் குரல். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்க அங்கிள், வலிக்கவே வலிக்காது” என்றாள். பல்லுக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வியர்வை சனிக்கு.

அந்தக் குரல் உங்களுக்கும் நினைவிருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானி உதட்டை அசைத்து முடித்த அரை நொடி கழித்துத் தமிழ் முடியும். கல் என்று சொல்லவே வராது அதற்கு, ராட்சதக் கல்தான். குழி கிடையாது, படுகுழி. விளம்பரத்துக்குப் போவதற்கு முன்னால் பூமியை ஒரு தடவை அழித்துவிட்டுத்தான் போகும். திரும்பி வந்து பார்த்தால் பூமி பத்திரமாக இருக்கும். நடுவில் வந்த சோப்பும் பற்பசையும் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் குரலை முதலில் கேட்டபோது எனக்கு இருபத்தாறு வயது. எர்ணாவூரில் அம்மாவோடு வாசம். துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் டாலி கிளார்க் வேலை. பேர்தான் கிளார்க், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை வெயிலில் நின்று எண்ணி, நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். வேலை நிரந்தரமில்லை. தினமும் காலையில் கேட் பக்கத்தில் சூப்பர்வைசர் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேர் படிப்பார். பேர் வந்தால் டூட்டி. வராவிட்டால் வந்த வழியே வீடு.

என் ஜோடி லூர்து. ராயபுரத்துக்காரன். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஒரே மூட்டையை எண்ணுவோம். ஆச்சரியமாகச் சில நாள் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். அவன் வீட்டு ரிமோட் அவன் அம்மாவின் மடியிலேயே இருந்ததால், அண்டவெளிச் செய்திகள் எல்லாம் என் வழியாகத்தான் அவனுக்குப் போயாக வேண்டும். மத்தியானம் கேன்டீனில் சோற்று டப்பாவைத் திறந்ததும் ஆரம்பிப்பேன்.

“வியாழன்ல மேகம் பூரா அம்மோனியாவாம்டா.”

“மூக்கப் புடிச்சினு போனா எண்ணூரு உரக் கம்பெனி. அப்புறம்?”

“வெள்ளில ஆசிட் மழை.”

“மணலி ஆலைப் பக்கம்.”

“சனிக்கு ஒரு நிலா கீது. அங்க ஏரி ஏரியா மீத்தேன் நிக்குதாம்.”

“கொடுங்கையூர் குப்பமேடு, மாமு. இன்னாத்துக்கு ராக்கெட்டு? அவனுங்களை ஒரு டவுன் பஸ்சுல ஏத்தி வுடு. சாயங்காலத்துக்குள்ள எல்லாக் கிரகத்தையும் பாத்துட்டு வூட்டுக்குப் போய்ச் சேர்ந்துருவானுங்க.”

செவ்வாயைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. துறைமுகத்தில் இரும்புத் தாது மலை மலையாகக் கொட்டிக் கிடந்த காலம். காற்று திரும்பினால் ராயபுரம் முழுக்கச் செந்தூள் பறக்கும். செவ்வாயின் சிவப்புக்குக் காரணம் இரும்புத் துரு என்று அந்தக் குரல் பெரிய ரகசியம்போல் சொன்னபோது, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வெள்ளைச் சட்டையைத் திரும்பிப் பார்த்தேன். அதற்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இனி எங்கள் சூப்பர்வைசர் தனபால் சார். பத்து விரலில் எட்டில் மோதிரம். கட்டைவிரல் இரண்டையும் மட்டும் ஜோசியர் மன்னித்து விட்டிருந்தார். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கல். காலையில் அவர் தாளைத் தூக்கிப் பேர் படிக்கும்போது வெயில் பட்டு எங்கள் கண் கூசும். யாருக்கு டூட்டி இல்லை என்று தெரிவதற்கு முன்னாலேயே எல்லோருக்கும் கண் கலங்கியிருக்கும்.

சனிக் கிரகத்தை டிவியில் முதன்முதலாகப் பார்த்த மறுநாள் அது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைவிட அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த வளையம், அந்த மிதப்பு, ஒருத்தரையும் மதிக்காமல் தனியே நிற்கிற அந்தத் தோரணை! கேன்டீனில் தனபால் சார் கையை நீட்டி டீ வாங்குவதைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: “லூர்து, நம்ம சார் சனிடா. வளையத்தப் பாரு.”

லூர்துவுக்கு மூக்கு வழியாக டீ வந்தது. பக்கத்து மேஜைக்காரன் என்னவென்று கேட்டான், சொன்னோம். மூன்று நாளில் கிரேன் ஓட்டுகிறவர்கள்கூட மேலேயிருந்து “சனி வருது, சனி வருது” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். மோதிரம், வளையம், அழகு எல்லாம் கேன்டீனிலேயே தங்கிவிட்டன. பேர் மட்டும் ஊர்வலம் போனது. தமிழில் ஒரு மனிதனைச் சனி என்று அழைத்தால் யார் வானத்தை நிமிர்ந்து பார்க்கப் போகிறார்கள்?

இதில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தனபால் சாருக்கு அப்போது ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. எட்டு மோதிரத்தில் அந்த நீலக்கல் சனியை விரட்டத்தான்.

ஒருநாள் காலை பேர் படிக்கிறதுக்கு முன்னால் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“எவன்டா எனக்குச் சனின்னு பேர் வெச்சது?”

நாற்பது பேர் நின்றோம். லூர்துவிடம் ஒரு கோளாறு உண்டு, பயந்தால் சிரித்துவிடுவான். அவன் கல்யாணத்தில் பாதிரியார் சம்மதம் கேட்டபோதே சிரித்தவன். அன்றைக்கும் ‘புர்ர்’ என்று சிரித்துவிட்டான்.

“நீதானா அது?”

லூர்து திரும்பி என்னைப் பார்த்தான். நான் கப்பலைப் பார்த்தேன். கப்பலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

“சிரிப்பு வந்துட்ச்சு சார்” என்று மட்டும் சொன்னான். என் பேரைச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து அவன் பேரை அவர் படிக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, இரண்டு வாரம். வீட்டில் மூன்று மாதக் குழந்தை. ஆனாலும் லூர்து தினமும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து கேட்டில் நிற்பான். பட்டியல் முடிந்ததும் போய்விடுவான். நாலாவது நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

“நான் சொல்ல மாட்டேன் மாமு. நீயே சொல்லிடு.”

“திங்கக்கெழம கண்டிப்பா சொல்லிடறேன்டா.”

எந்தத் திங்கள் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அதன்பிறகு அவன் நிற்கிற பக்கம் போகாமல், ஒரு லாரியைச் சுற்றிக்கொண்டு வந்து கூட்டத்தின் மறுகோடியில் நிற்கப் பழகினேன். சொன்னால் அடுத்து என் பேர்தான் பட்டியலிலிருந்து போகும். அவ்வளவுதான் பயம். பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது.

இரண்டாவது வாரக் கடைசி. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தார். டிவியைப் போட்டேன். விண்கற்கள். ஒரு ராட்சதக் கல் உருண்டு வருகிறது. “இது கற்பனையல்ல! ஒரு மாநகரத்தையே சாம்பலாக்க வல்லது! ஆனால்... அது எங்கே விழும்?” என்று கேட்டுவிட்டுக் குரல் மூச்சு வாங்கியது.

எங்கள் கேபிள்காரர் எந்தச் சேனல் ஓடினாலும் அதன் அடியில் தன் விளம்பரங்களை ஓட விடுவார். பிரியாணிக் கடை, பூப்புனித நீராட்டு, டியூஷன், எல்லாம் அதில்தான் வரும். குரல் அப்படிக் கேட்ட அதே நேரத்தில் கீழே எழுத்து ஓடியது: ‘நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகளில்...’

கரண்ட் போய்விட்டது.

இப்போது நீங்கள் சிரிக்கலாம். இருட்டு அறையில் தனியாக உட்கார்ந்து அதைப் படித்திருந்தால் தெரியும். வெளியே ஓடி வந்தேன். மணலிப் பக்கம் வானம் செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருந்தது. ஆலைப் புகைபோக்கியின் தீ அது. பிறந்ததிலிருந்து பார்க்கிற தீ. அன்றைக்கு அது முன்னோட்டமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு பானு அக்கா குடத்தோடு வாசலில் நின்றார்.

“யக்கா, டிவி பாத்தியா? நாளைக்கு நம்ம ஏரியான்னு போட்டுகினு கீறான்?”

“பாத்தேன் பாத்தேன். ஒம்போது மணிக்காம்.”

“இன்னாக்கா இப்டி சொல்ற?”

“வேற இன்னா பண்ணச் சொல்ற? தண்ணியப் புடிச்சு வெச்சிக்கோ.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. உலகம் முடிகிற அன்றைக்கும் தண்ணீர் பிடித்து வைக்கிற ஏரியா! இந்த மண்ணில் பிறந்துவிட்டு நான் மட்டும் இப்படி நடுங்கிச் சாகலாமா? சாவதற்கு முன் செய்ய வேண்டியது என்ன என்று யோசித்தபோது, அம்மா முகம் வந்திருக்க வேண்டும். கடவுள் வந்திருக்கலாம். வந்தது தேய்த்த சட்டையோடு கேட்டில் நிற்கிற லூர்து.

சைக்கிளை எடுத்தேன். நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வழக்கம்போல் கண்ணுக்கெட்டியவரை நின்றிருந்தன. ஒரு டிரைவர் கீழே அடுப்பு வைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பாவம், யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன்.

தனபால் சார் வீடு திருவொற்றியூரில். லுங்கியில் உட்கார்ந்திருந்தார். எட்டு மோதிரமும் ஒரு டம்ளர் பாலில் ஊறிக்கொண்டிருந்தன, ஏதோ பரிகாரம். வெறும் விரல்களில் வெள்ளை வெள்ளையாகத் தடம்.

“சார், அந்தப் பேரை வெச்சது நான்தான் சார். லூர்து இல்ல.”

“எந்தப் பேரு?”

வாயில் வரவில்லை. டம்ளரைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

“திட்டி வெக்கல சார்! வானத்துலயே ரொம்ப அழகான கிரகம் சார் அது. வளையம் இருக்கும் சார், சுத்தி. அதான் உங்க கை...”

உள்ளே சமையலறையில் அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

“ரெண்டு வாரமா வாயில இன்னாடா வெச்சினு இருந்த? இன்னிக்கு இன்னா வந்துட்ச்சு?”

“நாளைக்கு ஒம்போது மணிக்கு மேல சொல்ல முடியாது சார்.”

“ஏன்?”

“டிவில போட்டாங்களே சார். எர்ணாவூர், கத்திவாக்கம், திருவொற்றியூர்... நம்ம மேலதான் வந்து வுழுதாம்.”

அந்தம்மா கரண்டியோடு வெளியே வந்தார்.

“நாளைக்கு கரண்ட் கட்டுப்பா. வேல செய்றாங்களாம். அதுக்குத்தான் காலைல எழுந்து மாவாட்டிடணும்னு இவர்கிட்ட சொல்லிகினு கீறேன்.”

அழியாத உலகத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். “அப்போ நான் சொன்னதை மறந்துருங்க சார்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திறந்தேன். அந்தம்மா நடுவில் “டீ குடிக்கிறியாப்பா?” என்று கேட்டதால் அந்த வாக்கியம் வெளியே வரவில்லை.

மறுநாள் காலை பட்டியலில் முதல் பேர் லூர்துசாமி. கடைசிப் பேர் நான். “நீ தாதுக் குவியலுக்குப் போ” என்றார். மூன்று மாதம் அங்கேதான் இருந்தேன். செவ்வாய்க் கிரகத்துக்கு முதலில் போன ஆள் யாரென்று யாராவது கேட்டால் என்னைக் காட்டலாம்.

அன்று மத்தியானம் கேன்டீனுக்குச் செந்தூளோடு ஓடினேன். லூர்து கட்டிப்பிடிப்பான் என்று எதிர்பார்ப்பு.

“எப்டி மாமு, திடீர்னு தெகிரியம்?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கதை அவ்வளவு நன்றாக இருந்தது, விட மனமில்லை. விண்கல், கேபிள், பானு அக்கா, மாவு எல்லாம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

“நாங்க பாவமன்னிப்புக்குக் கோயிலுக்குப் போவோம். நீ இன்னாடான்னா கரண்ட் கட்டுக்குப் போய்க்கிற.”

பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. டப்பாவை மூடினான்.

“அந்தக் கரண்ட் கட்டு இல்லன்னா?”

எதற்கும் ஒரு நக்கல் தயாராக வைத்திருக்கிற வாய் இது. அன்றைக்கு அதில் சோறு மட்டும்தான் இருந்தது.

லூர்து என்னோடு சண்டை போடவில்லை. டீ வாங்கிக் கொடுப்பான், பீடிக்கு நெருப்பு கேட்பான். நான் கிரகங்களைப் பற்றி ஆரம்பித்தால் மட்டும், “அத்த உடு” என்று எழுந்து போய்விடுவான். நெப்டியூனையும் யுரேனஸையும் நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

இப்போது அந்தத் தாது மலை இல்லை. எப்போது போனதென்று யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் சட்டை வெள்ளையாகவே காய்ந்தது. மூட்டை எண்ண ஆள் வேண்டியதில்லை, கன்டெய்னர் பெட்டியின் நம்பரைக் கேமரா படித்துக்கொள்கிறது. காலையில் பேர் படிப்பதும் இல்லை, நாற்பது பேர் காத்து நிற்பதும் இல்லை. தனபால் சார் ஓய்வுபெற்று மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். கரண்ட் போகிற சேதி போனுக்கே, முழு வாக்கியமாக வந்துவிடுகிறது. யாரும் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ள வழியில்லை. லூர்து தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்ப் பல வருஷம் ஆகிறது. போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான் என்று கேள்விப்பட்டேன். அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. உலகம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதால் இன்னும் கூப்பிடவில்லை.